அலெக்சாண்டரின் பென்னி: எடின்பரோ நாட்குறிப்பு

மார்ச் 4

காசு இன்று தபாலில் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் வெள்ளிப் பென்னி, 1280-ல் தொடங்கிய வகை. தராசில் 1.34 கிராம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது, தகடு போல மெல்லிசு. அரசர் கிரீடத்தோடு இடப்பக்கம் பார்க்கிறார், முகத்துக்கு முன்னால் செங்கோல். அதே காலத்து இங்கிலாந்துப் பென்னியில் முதலாம் எட்வர்ட் நேராக நம்மைப் பார்ப்பார். இரண்டும் ஒரே பையில் புழங்கியவைதான். 1886-ல் அபர்டீனில் வெண்கலப் பானையோடு கிடைத்த 12,000-க்கும் மேற்பட்ட காசுகளில் பெரும்பாலானவை எட்வர்ட் காசுகள். அந்தக் கூட்டத்தில் பக்கவாட்டு முகம் தெரிந்தால் ஸ்காட்லாந்துக் காசு என்று எழுத்தறியாதவரும் சொல்லிவிடலாம்.

மார்ச் 7

பின்பக்கத்தில் விளிம்புவரை நீண்ட சிலுவை, நான்கு மூலைக்கும் ஒரு நட்சத்திரம். 1250-ல் வந்த முந்தைய வகையில் அச்சிட்ட ஊரும் ஆளின் பெயரும் இங்கேதான் இருக்கும். இதில் 'ரெக்ஸ் ஸ்கோடோரம்', ஸ்காட்டியரின் அரசர், அவ்வளவுதான். ஊரை நட்சத்திரம் சொல்கிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து: நான்கின் முனைகளையும் கூட்டினால் 24, 25, 26, 28 என்று காசுக்குக் காசு மாறும், ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரு நாணயச்சாலை.

லென்ஸை வைத்து எண்ணினேன். ஆறு, ஆறு, ஏழு. நான்காவது மழுங்கிக் கிடக்கிறது. 25-ஆ 26-ஆ? தூக்கமே வரவில்லை.

மார்ச் 8

தேய்மானம் என்றுதான் நினைத்தேன், தப்பு. காசைத் திருப்பினால் மழுங்கிய இடத்துக்கு நேர் பின்னால் அரசரின் கிரீட ஓரமும் எழும்பவில்லை. கீழச்சை மரக்கட்டையில் அறைந்து, வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். மேலச்சு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அந்த மூலையில் அடி சரியாக விழவில்லை. 700 வருஷத்துக்கு முந்தைய ஒரு மணிக்கட்டின் சாய்வு என் மேஜைமேல் இருக்கிறது!

காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது ஏழாவது முனையின் அடிக்கட்டை நிழலாகத் தெரிந்தது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். 26.

மார்ச் 13

அரைப்பென்னி ஒன்றும் தேட வேண்டும். 1280-க்கு முன் சில்லறை வேண்டுமென்றால் பென்னியையே சிலுவைக்கோட்டில் பாதியாக, காலாக வெட்டினார்கள். வட்டமான அரையும் காலும் இவர் காலத்தில்தான் வந்தன.

மார்ச் 19

ரயிலில் கிங்ஹார்ன் போய் வந்தேன், காசு சட்டைப்பையில். 1286-ல் இதே நாள் இரவு, புயலில், எடின்பரோவிலிருந்து அரசி யோலண்டைப் பார்க்கப் புறப்பட்ட அலெக்சாண்டர் இந்தக் கரையோரம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 44. பெற்ற பிள்ளைகள் மூவரும் ஏற்கெனவே போய்விட்டார்கள், மிஞ்சியது பேத்தி மட்டும். பத்தே வருஷத்தில் எட்வர்டின் படை அன்றைய ஸ்காட்லாந்தின் பெரிக் நகரத்துக்குள் புகுந்தது.

காற்று பலமாக இருந்தது. காசை வெளியே எடுக்கவில்லை, பையின் மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றேன்.