கொம்பூதி அறிவித்த கடன்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக நிற்கிறேன். கடன் வழக்கில் தீர்ப்பு எடுப்பதைவிட அதை நிறைவேற்றுவதுதான் பெரும்பாடு. தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கல் போனால் ஆள் வீட்டில் இல்லை என்பார்கள். அதனால்தான் பழைய ஸ்கொட்லாந்தின் நடைமுறையை விரும்பி வாசிக்கிறேன்.

1532இல், ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 15 நீதிபதிகளோடு அங்கே குடியியல் வழக்குகளுக்கான உயர்மன்று நிலைபெற்றது. கடனைக் கட்டச் சொல்லி மன்னர் பெயரிலேயே கட்டளை போகும். தவணைக்குள் கட்டாவிட்டால், அரச ஏவலர் ஊர்ச் சந்தையில் அறிவித்தல்கள் வாசிக்கப்படும் சிலுவைத் தூணடியில் நின்று மூன்று முறை கொம்பூதி, கடனாளியை மன்னருக்கு எதிரி என்று அறிவிப்பார். கடன்பட்டதற்காக அல்ல, மன்னர் சொல்லை மீறியதற்காக! இந்த நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. அதன்பின் அவருடைய அசையும் பொருள்கள் மன்னருக்குப் போகும், சிறையும் உண்டு. ஏழைக் கடனாளிக்கு இது கொடுமைதான், மறுக்கமாட்டேன்.

1707இல் ஸ்கொட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது, இணைப்பு உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு அந்த நீதிமன்றத்தைக் காப்பாற்றியது. அதே ஆண்டில்தான் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த எங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் எழுத்தில் நிறைவானது. பங்குக் காணியை விற்கமுன் பங்காளிக்குச் சொல்லவேண்டும் என்ற அதன் வழமையில் இன்றைக்கும் எங்களிடம் வழக்கு வருகிறது.