கணக்கு எழுதுகிறவன் யார்?

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவுக்குள், அதாவது உள்முற்றப் பக்கம், கைப்பேசிக்குச் சிக்னல் வராது. தடித்த சுவரும் பர்மாத் தேக்குமாகச் சேர்ந்து அதை முகப்பிலேயே நிறுத்திவிடும். அதனால் கைப்பேசியில் நாங்கள் படிக்கும் கொரியச் சித்திரக் கதைகளின் வேட்டைக்காரர்களும் அரக்கர்களும் எங்கள் வீட்டில் திண்ணையோடு சரி. காரைக்குடியில் ஆடிட்டர் அலுவலக வேலை முடிந்து, பஸ்ஸில் வந்து இறங்கி, காப்பி குடித்துவிட்டு ஏழு மணிக்கு நானும் அப்பத்தாவும் அங்கே உட்காருவோம். அவருக்கு 84 வயது. கண்புரை அறுவைக்குப் பிறகு நிறமெல்லாம் துலக்கமாகத் தெரிகிறது. பொடி எழுத்துதான் தெரியாது. ஆகவே படம் அவருக்கு, எழுத்து எனக்கு.

பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்த அண்ணன் மகள்தான் இந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டுப் போனாள். அவள் காட்டியது ‘சோலோ லெவலிங்’. சுகோங் என்பவர் எழுதிய இணையத் தொடர்கதை, 2018 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர் வரை வண்ணச் சித்திரக் கதையாக வெளிவந்தது. பல ஊர்களில் மாய வாயில்கள் திறக்கின்றன; உள்ளே அரக்கர்கள். அவர்களோடு மோதும் ஆற்றல் வாய்த்தவர்கள் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு ‘எஸ்’ முதல் ‘இ’ வரை தரம் உண்டு. சுங் ஜின்வூ ‘இ’ தரம்; அந்தத் தரத்திலும் கடைசி ஆள். தாய் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தங்கை படிக்கிறாள். வைத்தியச் செலவுக்காகத்தான் இவன் குகைக்குள் போகிறான். ஒருநாள் செத்துப் பிழைத்தவனுக்கு மட்டும் அந்தரத்தில் ஒரு பலகை தோன்றுகிறது. வலிமை இத்தனை, வேகம் இத்தனை, இன்று முடிக்க வேண்டிய வேலை இன்னது என்று அதில் ஓடுகிறது.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பத்தா கேட்டார்: “‘இ’ தரம் என்றால் பெட்டியடிப் பையனா?”

அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்து வட்டிக்கடைகளில் பணப்பெட்டியடியில் உட்கார்ந்து, சொன்ன வேலையைச் செய்து, கணக்குப் பழகுகிறவன் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள். பிறகு மேலாள். அப்பத்தாவைப் பெற்ற அப்பச்சி மீசை முளைக்குமுன் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். ஜின்வூ நாள்தோறும் தண்டால் 100, வயிற்றுப் பயிற்சி 100, உட்கார்ந்து எழுவது 100, ஓட்டம் 10 கிலோமீட்டர் முடிக்க வேண்டும். தவறினால் ராட்சதப் பூரான்கள் திரியும் பாலைவனத்தில் தள்ளப்படுவான் என்று படித்தபோது அவர் தலையை ஆட்டினார். “அப்பச்சிக்கும் அப்படித்தான். ஐந்தொகை சரியாக வரும்வரை சோறு கிடையாது.”

அன்றிரவு அந்தப் பலகையைப் பேரேடு என்றே மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் பெயரைவிட இது பொருந்தி நிற்கிறது. பகலெல்லாம் பிறர் கணக்குகளைச் சரிபார்க்கிற எனக்கு இந்தக் கதைகளில் என்ன ருசி என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். வாள்சண்டை எனக்குப் பொருட்டில்லை. ஆனால் அங்கே உழைப்பு அன்றன்றே வரவாகிறது. ஓர் அரக்கன் விழுந்தால் அந்த நொடியே எண் ஏறும். என் மேசைக்கு வரும் கணக்குகளில் இந்த நேர்மையை நான் கண்டதில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அப்பத்தா ஒரு கேள்வியைப் போட்டார். “அது சரி, அந்தப் பேரேட்டை எழுதுகிறவன் யார்? முதலாளி யாரென்று தெரியாமல் இவன் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறானே.”

எனக்கு விடை தெரியும். முழுவதும் படித்தவள் நான். சொல்லவில்லை. கதையின் முதுகெலும்பே அந்தக் கேள்விதான். நான் முதல் முறை படித்தபோது நூறு பகுதிகள் தாண்டும்வரை எண்கள் ஏறுவதையே வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பத்தாவின் அப்பச்சி அடுத்தாள் ஆகியிருந்த சமயம் 1942 வந்தது. ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அவர் கணக்குப் புத்தகங்களை விட்டுவிட்டு, நடந்தும் வண்டி பிடித்தும் ஊர் வந்து சேர்ந்தபோது அப்பத்தா கைக்குழந்தை. வரவேண்டிய சம்பளம் கடைசிவரை வரவில்லை. அப்பத்தா சும்மா கேட்கவில்லை.

படிக்கும் விதமே வேறு. மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக் கதையை வலமிருந்து இடம் படிக்க வேண்டும். வெப்டூன் என்னும் கொரிய இணையச் சித்திரக் கதைக்குப் பக்கமே கிடையாது. கைப்பேசிக்கென்றே மேலிருந்து கீழாக ஒரே நீட்டாக வரைகிறார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் அங்கே நேரம். கிணற்றுக்குள் ஒருவன் விழுந்தால் விரல் வலிக்கும்வரை கறுப்பையே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்பத்தாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. என்னைத் தள்ளவிடாமல் தானே தள்ளுவார், எழுத்தை நான் படித்து முடிக்குமுன்பே. தினசரித் தகராறு.

உண்மையான தொல்லை மொழியில் இருக்கிறது. என் செயலியில் தமிழ் இல்லை. என்னைப் பெற்ற அப்பச்சி சிறுவயதில் படித்த இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக்காரன். 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தபோதே தமிழ் பேசிவிட்டான். ஜின்வூ எனக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறான், வரும் வழியில் உறவு முறையெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. கொரிய மொழியில் ஆண் தன் மூத்தவனை அழைக்க ஒரு சொல், பெண் தன் அண்ணனை அழைக்க வேறு சொல். அக்காளுக்கும் அப்படியே இரண்டு. யூ ஜின்ஹோ என்று ஒரு பணக்காரப் பிள்ளை வருகிறான். அவன் ஜின்வூவை ‘ஹியோங்நிம்’ என்று மரியாதை சேர்த்து அழைப்பதில்தான் அந்தப் பாத்திரத்தின் நகைச்சுவையே இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் பெயரைப் போட்டால் எல்லாம் போச்சு. நான் ‘அண்ணே’ என்றேன், அப்பத்தா சிரித்தார். ‘நூனா’ வந்தால் ‘ஆச்சி’. எங்கள் வழக்கத்தில் அக்காளை ஆச்சி என்போம் என்பதால் எனக்குச் சிரமமே இல்லை.

கொரியர்களும் ‘அப்பா’ என்றுதான் சொல்கிறார்கள் என்று இணையத்தில் புல்லரிக்கிறவர்கள் பலர். எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்போம். ஆகவே எனக்குப் புல்லரிக்கவில்லை. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகெங்கும் ஏறக்குறைய இவைதாம். எனக்கு வியப்பு இரட்டைக்கிளவியில். நெஞ்சு அடித்துக்கொண்டால் ‘துகுன் துகுன்’, மின்னினால் ‘பஞ்சாக் பஞ்சாக்’ என்று படத்தின் மேலேயே பெரிய கொரிய எழுத்தில் எழுதுகிறார்கள். ஆங்கிலக்காரர் ஓரத்தில் ஏதோ ஒரு சொல்லைக் கிறுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘திக்திக்’, ‘மினுமினு’ என்று நான் சொன்னால் படம் தன் ஒலியைத் திரும்பப் பெற்றதுபோல் இருக்கும்.

மீதித் தொல்லைகள் சில்லறை. செயலியில் நாணயம் வாங்கி அடுத்த பகுதியின் பூட்டைத் திறக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். எல்லாத் தொடருக்கும் ஒரே முகவெட்டு. கொரிய வாசகர்கள் மூன்று வகை சொல்கிறார்கள்: நினைவோடு பழைய காலத்துக்குத் திரும்புவது, இன்னொருவர் உடலுக்குள் புகுவது, மறுபிறப்பு. அப்பத்தாவுக்கு இரண்டாவது விக்கிரமாதித்தன் கதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல், மூன்றாவது எல்லாருக்கும் தெரிந்தது. முதலாவதைத்தான் ஏற்க மறுக்கிறார். “அடித்து எழுதிய கணக்குச் செல்லாது” என்கிறார். நானும் அந்த வகையில் பத்துத் தொடர்கள் தொடங்கி எட்டைப் பாதியில் விட்டேன். அறுபதாவது பகுதிக்குமேல் கதாநாயகனுக்குத் தெரியாதது எதுவும் மிச்சமிருப்பதில்லை.

காத்திருப்பைப் பற்றி மட்டும் நான் வாய் திறப்பதில்லை. ‘சோலோ லெவலிங்’கின் ஓவியத்தை முன்னின்று வரைந்தவர் ஜாங் சுங்-ராக். துபு என்பது புனைபெயர். 2022 ஜூலையில் மூளை இரத்தக்கசிவால் இறந்தபோது அவருக்கு வயது 37. நீண்ட நாள் உடல்நலக் குறைவு இருந்ததாக அவருடைய நிறுவனம் அறிவித்தது. எதனால் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வாரம் தவறாமல் முழு வண்ணத்தில் ஒரு பகுதி என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அதுவரை நான் படித்ததெல்லாம் திருட்டுத் தளத்தில், காசு கொடுக்காமல். அவருடைய பேரேட்டில் என் பெயர் பற்றில்தான் இருக்கும்.

இந்த வாரம் ‘ஓம்னிஷியன்ட் ரீடர்ஸ் வியூபாயின்ட்’ தொடங்கியிருக்கிறோம். ஓர் அலுவலக ஊழியன் பல ஆண்டுகளாக ஓர் இணைய நாவலைப் படித்துவருகிறான். மொத்தம் 3,149 அத்தியாயங்கள். கடைசிவரை படித்தவன் அவன் ஒருவனே. முடித்த அன்று அந்த நாவல் உண்மையாகி உலகம் அழியத் தொடங்குகிறது. அவன் பெயர் கிம் தோக்ஜா. ‘தோக்ஜா’ என்றால் வாசகன். ஒற்றைப் பிள்ளை என்றும் பொருள். இரண்டையும் தாங்கும் ஒரு தமிழ்ப் பெயருக்காகப் பஸ்ஸில் மூன்று நாள் மண்டையை உடைத்தும் அகப்படவில்லை. அப்பத்தாவிடம் சொன்னேன். “ஒற்றைப் பிள்ளையா, பாவம்” என்று ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தனை அத்தியாயம் எழுதினவனுக்கு ஒரே ஆள்தான் படித்தானா?” என்றார்.

“ஆமாம் அப்பத்தா.”

“அவனுக்கு யார் கூலி கொடுத்தது?”

அடுத்த பகுதியைத் திறக்கப் போனேன். செயலியில் நாணயம் தீர்ந்திருந்தது.