ஓ.இ.டி. கடிதமும் காலக்கணக்கும்

பிரிட்டனில் செவிலியர் வேலைக்குப் போக ஓ.இ.டி. என்னும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்களுக்கு எழுத்துப் பகுதியில் ஒரே ஒரு கடிதம்தான். நோயாளியின் குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். வார்டில் பழகிய எனக்கு மருத்துவச் சொற்கள் பயம் தரவில்லை. படுத்தி எடுத்தது காலக்கணக்கு.

பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவரை நம் வார்டுகளில் "ஹி இஸ் ஹேவிங் டயபடிஸ் சின்ஸ் டென் இயர்ஸ்" என்போம். டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். யாருக்கும் புரியாமல் போனதில்லை. விடைத்தாள் திருத்துபவரிடம் அது செல்லாது. 'சின்ஸ்' வந்தால் தொடங்கிய ஆண்டோ நிகழ்ச்சியோ பின்னால் வர வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்'. இதை ஒரு மாலையில் படித்துவிடலாம். வினைச்சொல்தான் வம்பு. "சர்க்கரை நோய் இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலமோ "ஹி ஹாஸ் ஹேட் டயபடிஸ் ஃபார் டென் இயர்ஸ்" என்கிறது. இன்றும் மாத்திரை விழுங்குகிறவரைப் பற்றி 'ஹேட்' என்று எழுதக் கை லேசில் வரவில்லை.

தெளிய வைத்தது புகைப்பழக்கம். பயிற்சித்தாள் ஒன்றில், புகைப்பதை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆன ஒருவர். "இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஹி ஸ்மோக்ட்" என்றால் ஐந்து ஆண்டுகளாகத் தொடவில்லை. "ஹி ஹாஸ் ஸ்மோக்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் ஐந்து ஆண்டுகளாக ஊதித் தள்ளுகிறார். அதே ஆள், அதே ஐந்து; நுரையீரல்தான் வேறு! "ஹி ஹாஸ் ஸ்டாப்ட் ஸ்மோக்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதும் தேறாது. விடுவது ஒரு நொடியில் முடிகிற காரியம். அதை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்ட முடியாது. "ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங் ஃபைவ் இயர்ஸ் அகோ" என்று போட்டால் வம்பே இல்லை.

பிறகு பயிற்சிக் குறிப்புகளில் ஒவ்வொரு தேதியின் ஓரத்திலும் 'முடிந்தது', 'தொடர்கிறது' என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடிந்தது. இரத்த அழுத்தம் தொடர்கிறது. முடிந்ததற்கு 'அகோ', ஆண்டு தெரிந்தால் 'இன்'. தொடர்வதற்கு 'ஹாஸ்'. "இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ்" சரியா, "இட் ஹாஸ் பீன் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ்" சரியா என்று தோழிகள் சண்டை போட்டார்கள். பிரிட்டனில் இரண்டும் செல்லும். அமெரிக்காவில் பின்னதே வழக்கம்.

பேச்சுத் தேர்வுக்கும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. எத்தனை நாளாக வலி என்று கேட்க "ஹவ் லாங் ஹாவ் யூ ஹேட் த பெயின்?" கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள் என்பதற்கு "வென் டிட் யூ லாஸ்ட் டேக் இட்?" அங்கே 'ஹாவ்' வேண்டியதில்லை.