அம்மாவின் விரல்களும் நெஞ்சும்

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம். காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவா. நாங்கள் மூட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று வெள்ளவத்தையில் டொக்டர் இதயத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் திடுக்கிட்டேன்.

மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சி இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்து, அங்கே கொழுப்புப் படியவும், படிந்தது வெடிக்கவும் வழி செய்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு. அழற்சி கூடியிருக்கும்போது கொலஸ்ட்ரோல் குறைவாகக்கூடக் காட்டுமாம். அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து எத்தனை தடவை நிம்மதியாக இருந்திருக்கிறோம்!

அழற்சியை அடக்கக் கிழமைக்கு ஒரு நாள் போடும் மெதோட்ரெக்சேட் குளிசையை, நோவு குறைந்ததும் அம்மா இரண்டு முறை தானாகவே நிறுத்தியிருக்கிறா. இனி விடமாட்டேன். அழற்சியை அடக்கினால் இதயத்துக்கும் நல்லது. அப்புறம், பாமசியில் கேட்டு வாங்கி நெடுக விழுங்கும் டைக்ளோபெனக் என்ற நோவுக் குளிசை, அதுவும் இதயத்துக்கு ஆபத்துத்தான்.

வீட்டில் யாருக்காவது முடக்குவாதம் இருந்தால், அடுத்த கிளினிக்கில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.