வாடகை வீட்டு வயரிங்கைச் சோதித்து எழுத்தில் வாங்கிய கதை

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. சமையலறையும் குளியலறையும் பிற்பாடு சேர்த்துக் கட்டியவை. நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. பின்சுவர் காய எங்கே நேரம்? அப்படி ஒரு மழையில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்றது.

வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். "செருப்பு போட்டுட்டுத் தொடுங்க. இத்தன வருசமா ஒண்ணும் ஆவல, எதுக்குப் பயப்படுதிய?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. வாயால் சொல்லும் புகாருக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மீட்டருக்கு இந்தப் பக்கம் மின்வாரியத்தின் பொறுப்பு இல்லை. சாதாரண வீட்டை வாடகைக்கு விட வயரிங் சோதனை அறிக்கை தர வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் என் மச்சினன் சொன்னது வேறு மாதிரி: அங்கே 2020-இல் வந்த விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்காரர் சோதனை செய்து, குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் நகல் தர வேண்டுமாம். அவன் வீட்டு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினான். குறைகளை ‘இப்போதே ஆபத்து’, ‘ஆபத்தாகலாம்’, ‘சரிசெய்தால் நல்லது’ என்று தரம் பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவினை எனக்குப் பிடித்துப்போனது.

ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. தெருவில் கூப்பிட்டவுடன் வரும் எலக்ட்ரீஷியனிடம் டெஸ்டர் மட்டும்தான் இருக்கும். அது எரிந்தால் ஃபேஸ் வருகிறது என்று தெரியும். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அப்புறம் வடசேரியில் ஒரு மின்பொருள் கடையில் விசாரித்து, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று வைத்திருந்த ஒயர்மேன் ஒருவரைப் பிடித்தேன். போனிலேயே இரண்டு கேள்வி: ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் மெகர் இருக்கிறதா, அளவுகளைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா. இரண்டாவதற்குத்தான் தயங்கினார். வீட்டில் எந்த வேலையும் பார்க்காமல் எழுத்தை மட்டும் கேட்பவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை போல.

மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு, மின்சாரம் வரும் ஃபேஸையும் திரும்பிப் போகும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக மெகரை வைத்தார். கைப்பிடி சுற்றும் பழைய கருவி, 500 வோல்ட். முன்பக்க லைன்களில் முள் நன்றாக ஏறி நின்றது. சமையலறை லைனில் தரையை விட்டு எழும்பவே இல்லை: 0.2 மெகாஓம். குறைந்தது 1 இருக்க வேண்டுமாம். ஈரச் சுவருக்குள் ஒயரின் இன்சுலேஷன் போய்விட்டது.

அதைவிடப் பயங்கரம் குளியலறையில் இருந்தது. கீசர் பிளக் பாயின்டைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது துளைக்கு எர்த் ஒயரே வரவில்லை. இரண்டு அங்குலத் துண்டு ஒயரால் அதை நியூட்ரலோடு கோத்து வைத்திருந்தார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பில் 230 வோல்ட்டும் வந்து உட்காரும். இந்தத் துண்டு இருக்கும்வரை, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டும் பெரிய பிரயோசனம் இல்லை, கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடும், அதற்குத் தெரியாது என்றார். எங்கள் போர்டில் ஆர்சிசிபியும் இல்லை, வெறும் எம்சிபிதான். ஒயர் சூடாகாமல் காப்பது அதன் வேலை. ஆள் ஷாக்கில் மாட்டினால் அது விழும் என்று நம்ப முடியாது.

சோதனைக் கூலி 1,500 ரூபாய் என் கையிலிருந்து. கீசர் பாயின்ட் ‘இப்போதே ஆபத்து’, சமையலறை லைனும் ஆர்சிசிபி இல்லாததும் ‘ஆபத்தாகலாம்’ என்று அறைவாரியாக எழுதி, சான்று எண்ணும் போட்டுக் கொடுத்தார்.

தாளைப் பார்த்ததும் அண்ணாச்சி முகம் மாறியது. "புடிக்கலன்னா அட்வான்ஸ வாங்கிட்டுப் போங்க" என்றார். நான் சண்டைக்குப் போகவில்லை. 2017-ஆம் வருட வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைக் காட்டினேன். உள், வெளி வயரிங் பராமரிப்பு வீட்டு உரிமையாளர் கணக்கு. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் கணக்கு. என் பங்கை நான் செய்கிறேன் என்று முதலில் சொன்னது வேலை செய்தது. ஆனாலும் உண்மையில் காரியத்தை முடித்தது வளைகுடாவில் பிளான்ட் மெயின்டனன்ஸில் இருக்கும் அவர் மகன். தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டு, கீசரைத் தொடவே விடாதீர்கள் என்றாராம்.

சமையலறைக்குப் புது லைன், குளியலறை வரை எர்த் ஒயர், புது எர்த் ராடு, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி எல்லாம் அவர் செலவு. சாக்கெட்டுகள் என்னுடையவை. வேலை முடிந்ததும் அதே ஒயர்மேனை வைத்து மறுபடி அளந்து, இரண்டாவது தாளையும் வாங்கினேன். வேலை செய்தவரே ‘சரியாயிடுச்சு’ என்று சொன்னால் போதாது, முள் சொல்ல வேண்டும்.

முதல் மழையிலேயே ஆர்சிசிபி விழுந்தது. அண்ணாச்சி, "பாத்தியளா, நல்லா இருந்த வீடு!" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்ததில் வாசல் விளக்கின் ஹோல்டருக்குள் தண்ணீர். இப்போதைக்கு அந்த லைனைக் கழற்றி வைத்திருக்கிறோம். இரண்டு தாள்களும் வாடகை ஒப்பந்தத்தோடு பின் அடித்து ஆளுக்கொரு நகலாக இருக்கின்றன. வாசல் விளக்கை ஆவணிக்குள் மாற்றித் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், அதுவரை டார்ச்தான்.