பூஜ்யம் என்று போடலாமா?

“இதில் எது சார் பொய்?” என்று, நான் மாற்றிய ஒரு செய்தித் தலைப்பைப் பற்றி எங்கள் இளம் உதவியாசிரியர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன், ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

2025 மே மாதம் பாசல் நகரில் நடந்த, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் மோதும் பாடல் போட்டியான யூரோவிஷனின் இறுதிச் சுற்று முடிவு வந்தபோது சென்னையில் விடியற்காலை நாலரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவர்கள் தரும் புள்ளிகளையும் பார்வையாளர் வாக்கில் கிடைக்கும் புள்ளிகளையும் கூட்டித்தான் அங்கே இடம் முடிவாகும். போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தின் சார்பில் பாடிய ஸோயே மே, நடுவர்களிடம் 214 புள்ளிகள் பெற்று ஆஸ்திரியாவுக்கு அடுத்த நிலையில் இருந்தார். நடுவர் பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கி மேல்நோக்கியே பார்வையாளர் புள்ளிகளை அறிவிப்பார்கள் என்பதால், ஏறக்குறைய எல்லோருக்கும் அறிவித்து முடித்த பிறகே அவர் முறை வந்தது. கிடைத்தது பூஜ்யம். சொந்த நாட்டு அரங்கில் சொந்த நாட்டுத் தொகுப்பாளர்களே அதை வாசிக்க வேண்டியதாயிற்று. மொத்தத்தில் அவருக்குப் பத்தாம் இடம்.

இரவுப் பணியில் இருந்த அந்த இளம் உதவியாசிரியர், “சொந்த மண்ணில் பூஜ்யம்: ரசிகர்கள் கைவிட்ட பாடகி” என்று தலைப்பிட்டிருந்தார். நான் அதை “யூரோவிஷன்: சுவிட்சர்லாந்துக்கு 10-வது இடம்” என்று மாற்றியதும் என் மேசைக்கு வந்து அப்படிக் கேட்டார்.

“ ‘கைவிட்ட’ என்பது பொய்” என்றேன். ஒவ்வொரு நாட்டின் பார்வையாளர் வாக்கிலும் முதல் பத்து இடங்களுக்கு மட்டுமே புள்ளி உண்டு. எல்லா நாடுகளிலும் பதினொன்றாவதாக வந்தாலும் பூஜ்யம்தான். சுவிட்சர்லாந்து மக்கள் தம் நாட்டுப் பாடலுக்கு வாக்களிக்கவும் முடியாது. எத்தனை பேர் அவரை விரும்பினார்கள் என்பதை அந்தப் பூஜ்யம் சொல்லாது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் சார். பூஜ்யத்தை ஏன் எடுத்தீர்கள்?” என்றார். தலைப்பில் இவ்வளவையும் விளக்க இடமில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் நடுவர்கள் இரண்டாவதாக வைத்த பாடலுக்குப் பார்வையாளரிடம் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை என்பதே அன்றைய செய்தி என்பதும் உண்மை. அதை நான் ஐந்தாம் பத்திக்குத் தள்ளினேன்.

அதே பக்கத்தில் “பிரிட்டனுக்கு மீண்டும் பூஜ்யம்” என்ற துணைத்தலைப்பை நான் தொடவேயில்லை. 2024-லும் பார்வையாளர் வாக்கில் அந்நாட்டுக்கு அதே கதி என்பதால் ‘மீண்டும்’ என்பதுதான் அங்கே செய்தி என்று வாதிடலாம். ஆனால் இரண்டு தலைப்புக்கும் விதியும் ஒன்றேதான், இடப் பற்றாக்குறையும் ஒன்றேதான். பிரிட்டனுக்காகப் பாடியவர்கள் மூவர். மூவர் பகிர்ந்துகொள்ளும் பூஜ்யம் தனியாக நிற்கும் ஒருத்தியின் பூஜ்யத்தைவிட இலேசானது என்று என் மனம் கணக்குப் போட்டதோ என்னவோ.

அவர் விடவில்லை. “2015-ல் வியன்னாவில் போட்டியை நடத்திய ஆஸ்திரியாவுக்கு மொத்தமே பூஜ்யம். அதற்கு எப்படித் தலைப்புப் போட்டிருப்பீர்கள்?”

“பூஜ்யம் என்றுதான்.”

“அப்போதும் முதல் பத்துக்குத்தானே சார் புள்ளி?”

அடுத்த செய்தி காத்திருந்ததால் பேச்சு அதோடு நின்றது. மொத்தப் பூஜ்யம் வேறு, பாதிப் பூஜ்யம் வேறு. 214 புள்ளிகளோடு பத்தாவதாக வந்தவரைத் தலைப்பில் வெறும் பூஜ்யமாகக் காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும் என்ற வாதம் இப்போது எனக்குக் கைவசம் இருக்கிறது. வலுவான வாதம்தான். ஆனால் அன்று தலைப்பை மாற்றியபோது இது என் நினைவிலேயே இல்லை.