வாட்டம்

மாருதி எஸ்டீம் காருக்கு, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை மாட்டப் போகிறேன் என்றதும் அம்மா, "இருக்கிற எஞ்சின் ஓடுதல்ல கண்ணு?" என்று மட்டும் கேட்டார். ரோட்டுக்கு இல்லை, செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் என்று நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

டர்போவை மாட்டுவதுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆளைக் கொல்வது குழாய் வேலை. எண்ணெய் போக ஒன்று, வர ஒன்று, கூலன்ட்டுக்கு இரண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மூன்று வாய் உள்ள ஒரு ‘டி’ இணைப்பை மாட்டி, சுவிட்ச்சை ஒரு பக்கமும் டர்போவுக்குப் போகும் ஒல்லிக் குழாயை இன்னொரு பக்கமும் கொடுக்க வேண்டும். அந்த ஓட்டை 1/8 பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் மரைக் கணக்கு, அங்குலத்துக்கு 28 மரை. நான் ஆன்லைனில் வாங்கிய டி 1/8 என்பிடி, அமெரிக்கக் கணக்கு, 27 மரை. ஒன்றுதானே குறைகிறது என்று முறுக்கினால் இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி போய், மூன்றாவதில் இறுகி, சரி பொருந்திவிட்டது என்று நம்பவும் வைத்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அங்கே எண்ணெய் வியர்த்தது. டெஃப்லான் டேப் சுற்றலாம் என்றால், அதில் ஒரு துணுக்கு உள்ளே போய் எண்ணெய் வழியை அடைத்தால் டர்போவுக்குச் சங்குதான். வீட்டில் என்னை மரை கழண்டவன் என்பார்கள், அன்றைக்கு மரை சேராதவனும் ஆனேன். கோயமுத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம், பித்தளையில் 28 மரையோடு ஒரு டி கடைந்து வாங்கி வந்துவிட்டேன்.

கூலன்ட் லைன் தொல்லை தரவில்லை. ஹீட்டர் ஹோஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், முடிந்தது.

அப்புறம் திரும்பி வரும் எண்ணெய்க் குழாய். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில், ஹோஸ் மாட்ட ஒரு நிப்பிள் வெல்டிங் வைத்து, எக்ஸாஸ்ட் சூடு படக்கூடாதே என்று ஹோஸை அழகாக வளைத்துக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றி மாட்டியிருந்தேன். பார்க்க யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். ஐந்தே நிமிடம், சைலன்ஸரிலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை தெருவையே மூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவைத்தார், பொடிசுகள் இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டு புகைக்குள் ஓடினார்கள். டர்போ சீல் போச்சு, வேறு வாங்கு என்றான் நண்பன். விலையை விசாரித்ததில் எனக்கும் லேசாகப் புகைந்தது.

அந்த வாரம் எங்கள் பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனார், டீ கிளாஸோடு வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் குழா எங்கிருந்து எங்க போகுதுங்க?"

மேலிருந்து கீழே, எண்ணெய் திரும்பி வரும் வழி என்றேன்.

"தள்ளிவிட மோட்டார் இருக்குதுங்களா?"

இல்லைங்க, தானாக இறங்க வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்து ஹோஸ் ஓரமாகப் பிடித்து, குமிழி போன பக்கத்தைக் காட்டினார். "வாட்டமே இல்லீங்களே. தண்ணியே இதுல இறங்காதுங்க, எண்ணெய் எப்படிங்க இறங்கும்?"

சீல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ தண்டைத் தாண்டி வரும் எண்ணெய் நுரைத்துப் போய், அழுத்தமே இல்லாமல் சொட்டும்; போக வழியில்லாமல் தேங்கியது சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் கசிந்து எரிந்திருக்கிறது. போதாததற்கு நிப்பிளையும் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தேன். சம்ப்பை மறுபடி இறக்கி, நிப்பிளை மேலே வைத்து, டர்போவின் நடுப்பாகத்தைத் திருப்பி, பருத்த ஹோஸ் ஒன்றை நேராக இறக்கினேன். புகை நின்றது.

கூலன்ட் குழாய் மட்டும் ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டார். எஞ்சினை நிறுத்திய பிறகும் டர்போ கொதிக்கும், சூடான தண்ணீர் தானாக மேலேறினால் குளிர்ந்தது கீழே வரும், உள்ளே மிஞ்சிய எண்ணெய் கருகாது என்றேன். "அட, மொட்டைமாடி சோலார் ஹீட்டருங்க" என்று சொல்லிவிட்டு டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார்.

அவர் முடித்துக் கொடுத்த பாத்ரூமில் வலது மூலையில் இன்றைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் நிற்கிறது.